எட்டு முள்ளும் இரண்டு ஊசியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கி முடிப்பதற்குள் கணபதி ஒரு மாபெரும் முடிவுக்கு வந்துவிட்டான். மாட்டுப்பட்டி இன்றைக்கு எழும்பியே தீரும். ஆசாரி வேண்டாம். மேசன் வேண்டாம். ஒரு சுத்தியல், ஒரு கணபதி. அது போதும்.

இந்த வீராவேசத்தைக் கிளப்பிவிட்டவள் அவன் மனைவி விஜயலெட்சுமி. முதல்நாள் சாயங்காலம் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவள், லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போய் மாடு கட்டுகிற பட்டியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வந்து கணபதியை ஒரு பார்வை பார்த்தாள்.

"செவலை கன்னு போடப்போகுது. தகரம் ஆடுது, பலகையெல்லாம் உளுத்துப்போச்சு. ஒங்களால முடியாதுன்னா சொல்லிருங்க. நான் வேற ஆள் பாத்துக்கிறேன்."

ஒங்களால முடியாதுன்னா! யாரைப் பார்த்து?

மூணுமரத் தோட்டத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். பெரகலச் சந்தியில் நின்று கேட்டுப் பாருங்கள். 'பறவைக்காவடி கணபதி' என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். ஆடித் திருவிழாவில் முதுகிலும் தொடையிலும் எட்டு முள்ளுக் கொக்கியை ஏற்றிக்கொண்டு, டிராக்டரில் கட்டிய மரத்தில் குப்புறத் தொங்கியபடி, தோட்டத்து மேல்பிரிவான மேல்கணக்கிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் பறந்து வருகிறவன் அவன். ஒன்பது வருடமாக வருகிறான். ஒரு முனகல் கிடையாது. தாய்மார் கைக்குழந்தையை மேலே நீட்டுவார்கள். தொங்கியபடியே வாங்கி, திருநீறு பூசி, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பான். அப்பேர்ப்பட்ட ஆள்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஊசி என்றால் பயம்.

முள்ளுக்குப் பயமில்லை. அலகுக்குப் பயமில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி கையில் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து, ஒரு சொட்டு மருந்தைச் 'சுர்'ரென்று பீய்ச்சுவாளே, அந்த ஊசிக்கு மட்டும் பயம். அதை நினைத்தாலே அவனுக்குக் காது அடைக்கும், உள்ளங்கை வேர்க்கும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்றைக்கு ஜன்னல் வழியாகக் குதித்துத் தேயிலைக்குள் ஓடியவன், பொழுது சாயும்போதுதான் வீடு வந்தான். இதையெல்லாம் கல்யாணம் ஆன புதிதில், ஒரு பலவீனமான நேரத்தில், மனைவியிடம் உளறிவிட்டான். அவள் கேட்டாள், "அப்ப முள்ளு மட்டும் எப்புடிங்க?" அவன் சொன்னான், "அது சாமி குத்துறது. இது மனுசன் குத்துறது." இந்த உலகத்தில் அந்த ரகசியம் தெரிந்த ஒரே ஜீவன் விஜயலெட்சுமிதான்.

சரி, மாட்டுப்பட்டிக்கு வருவோம்.

செவலையை அவிழ்த்து வெளியே கட்டினான். சாரத்தை மடித்துக் கட்டினான். உளுத்த பலகைகளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் எறிந்தான். எறிந்த பலகை ஆணி மேலே பார்க்க விழுந்ததா, கீழே பார்க்க விழுந்ததா என்று வீரர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. புதுப்பலகை ஒன்றை நிறுத்தி, நாலு அடி அடித்து, ரெண்டடி பின்னால் போய் அழகு பார்த்தான்.

'கறுக்'.

றப்பர் செருப்பைத் துளைத்து, உள்ளங்காலுக்குள் ஏறிவிட்டது ஆணி. ஆணியென்றால் சும்மா ஆணியா? மூன்றங்குலம். துருப்பிடித்துச் சிவந்தது. சாணிக்குள் ஊறிக் கிடந்தது. கணபதி கத்தவில்லை. பலகையை ஒரு காலால் மிதித்து, மற்றக் காலை மேலே இழுத்தான். வந்துவிட்டது. முதல் வேலையாக அவன் காயத்தைப் பார்க்கவில்லை. விஜயலெட்சுமி பார்த்தாளா என்று பார்த்தான்.

அவள் துணி துவைக்கப் பீலிக்கரைக்குப் போயிருந்தாள். முருகன் துணையிருக்கிறான்!

ஒற்றைக்காலில் நொண்டியடித்து லயத்துக் காம்பரா அறைக்குள் ஓடினான். தேயிலை டப்பாவைத் திறந்தான். காயத்துக்குத் தேயிலைத்தூள் வைப்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். ஒரு கரண்டி வைத்து அமுக்கினான். ரத்தம் எட்டிப் பார்த்தது. இன்னொரு கரண்டி வைத்து அமுக்கினான். மேலே ஒரு துணிக்கிழிசல். அதற்கு மேலே மகள் சுபாஜினியின் பள்ளிக்கூட மேசு, அந்த வெள்ளைக் காலுறை. ஒரு காலில் மட்டும் மேசு போட்டால் சந்தேகம் வரும் என்று, மற்றக் காலிலும் போட்டுக்கொண்டான். எவ்வளவு நுட்பமான மூளை என்று தன்னையே மெச்சிக்கொண்டான். டியூசனுக்குப் பண்டாரவளைக்குப் போயிருந்த மகள் வருவதற்குள் துவைத்து வைத்துவிட்டால் முடிந்தது காரியம்.

விஜயலெட்சுமி ஈரத்துணி வாளியோடு வந்தாள். நின்றாள்.

"என்னங்க இது, கால்ல மேசு?"

"குளிருதுல்ல."

"மேல சட்டை இல்லாம நிக்கிறீங்க. காலு மட்டும் குளிருதா?"

"குளிரு கால் வழியாத்தான் ஏறும். ரேடியோவுல சொன்னான்."

"ஏன் நொண்டுறீங்க?"

"நொண்டலயே. காலடியால அளந்து பாக்குறேன். பட்டிக்கு அளவு."

"தேயிலை டப்பா ஏன் தொறந்து கெடக்கு?"

"ஒனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தலாம்னு..."

அங்கேதான் கோட்டை விட்டான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் அவளுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததில்லை. விஜயலெட்சுமி வாளியைக் கீழே வைத்தாள். நேரே வெளியே போனாள். பட்டிக்குப் பக்கத்தில் அனாதையாகக் கிடந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினாள். விரல் நுனியில் ரத்தம்.

"கழட்டுங்க."

"புள்ள, அது சும்மா ஒரு..."

"கழட்டுங்கன்னேன்!"

கழற்றினான். மேசுக்குள்ளேயிருந்து ஈரத்தேயிலை கொட்டியது. அவள் அவனைக் கைப்பிடியாக இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்தாள். தண்ணீரைத் திறந்து, சவுக்காரம் போட்டு, தேயிலையெல்லாம் கரைந்து போகிறவரைக்கும் கழுவினாள். கழுவக் கழுவ அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"ஆழமா எறங்கியிருக்குங்க. கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு. ஏற்பு ஊசி, அந்த டெட்டனஸ் ஊசி, போடணும்."

"ஊசியா? இந்தத் துளியூண்டு ஓட்டைக்கா?"

"எங்க சித்தப்பாவுக்கும் துளியூண்டு காயந்தான். மம்பட்டி நுனி பட்டது. எட்டாம் நாள் வாயத் தொறக்க முடியல. தாடை பூட்டிக்கிருச்சு. ஒடம்பு வில்லா வளைஞ்சு... நான் பாத்தேங்க. பத்து வயசுல பாத்தேன். இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது." அவள் குழாயை மூடினாள். "கடைசியா நீங்க எப்ப ஏற்பு ஊசி போட்டீங்க?"

கணபதி வானத்தைப் பார்த்தான்.

"போட்டதே இல்ல, அப்புடித்தானே? நான் சுபாஜினி வயித்துல இருக்கையில போட்டுக்கிட்டேன். நீங்க?"

"எனக்கெதுக்கு புள்ள? வருசா வருசம் எட்டு முள்ளு ஏறுது. ஒம்பது வருசத்துக்கு எழுவத்திரெண்டு. எழுவத்திரெண்டு முள்ளு ஏறுன ஒடம்புக்குள்ள ஏற்பு வருமா? எட்டிப் பாத்துட்டு ஓடிரும்!"

"முள்ளுல மருந்தா தடவியிருக்கு?"

"அருள் இருக்கு!"

"சாமி அருளோட சேத்து அறிவையும் குடுத்திருக்கு. சின்னக் கீறல்னா நானே கழுவி விட்டுருவேன். கொழுந்தெடுக்கையில தெனம் கீறுது, ஆஸ்பத்திரிக்கா ஓடுறேன்? இது அப்புடியில்ல. ஆழமான குத்து. துரு ஆணி. சாணி. உள்ள என்ன தங்கியிருக்குன்னு நமக்குத் தெரியாது. ரத்தம் நிக்காத காயம், வாய் பொளந்த காயம், அழுக்கு ஏறுன காயம், இதையெல்லாம் டொக்டர்தான் கண்ணால பாக்கணும்னு கிளினிக்ல மிஸ்ஸி எத்தன தடவ சொல்லியிருக்காங்க."

"அப்ப போன்ல படம் புடிச்சு அனுப்புவோம். நம்ம ஓட்டோ ஷப்ராஸோட மச்சான் பார்மசியிலதான் நிக்கிறான். பாத்து மாத்திரை சொல்லுவான்."

"படத்துல ஓட்டைதாங்க தெரியும். ஆழம் தெரியுமா?"

"நீ என்ன சொன்னாலும் சரி. நான் வரமாட்டேன். முடியாது. பறவைக்காவடி கணபதி ஒரு ஊசிக்காக ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னான்னு சந்தியில சிரிப்பாங்க."

விஜயலெட்சுமி முந்தானையை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க," என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கணபதிக்கு ஒரே குஷி. கல்யாணமாகி முதல் தடவையாக ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்திருக்கிறான்! இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள புருசன் அந்தச் 'சரிங்க'வைக் கேட்ட மாத்திரத்தில் உஷாராகியிருக்க வேண்டும். இவன் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து விசிலடித்தான்.

கால்மணி நேரம் போயிருக்காது.

"ஐயோ! அம்மா!"

அடுப்படியிலிருந்து அலறல். கணபதி துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். அரிவாள்மணை கவிழ்ந்து கிடந்தது. விஜயலெட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையை வெள்ளைத் துவாயால் சுற்றிப் பிடித்திருந்தாள். துவாய் சிவப்பாக நனைந்திருந்தது. தரையிலும் ரெண்டு சொட்டு.

தன் ரத்தம் எட்டு இடத்தில் வழிந்தபோது சிரித்த மனிதன், மனைவியின் கையில் சிவப்பைக் கண்டதும் ஆடிப்போனான்.

"புள்ள! என்னாச்சு? எங்க வெட்டுச்சு?"

"அருவாமனைங்க... ஆழமா போயிருச்சு போல."

"எந்திரி! ஆஸ்பத்திரிக்குப் போவோம்!"

"வேணாங்க. கொஞ்சம் தேயிலைத்தூள் வச்சா..."

"தேயிலையா? ஒனக்கு அறிவிருக்கா?" கணபதி கர்ஜித்தான். "ரத்தம் நிக்காத காயத்துக்குத் தேயிலை வைப்பாங்களா? அழுத்திப் புடி! கைய மேல தூக்கு!"

"சின்னக் காயந்தானேங்க."

"ஆழமாப் போயிருச்சுன்னு இப்பத்தானே சொன்ன? அருவாமனை துரு புடிச்சது. ஒங்க சித்தப்பாவுக்கும் சின்னக் காயந்தான், மறந்துட்டியா?"

"படம் புடிச்சு அந்தப் பார்மசிப் பையனுக்கு..."

"படத்துல ஆழம் தெரியுமா புள்ள? டொக்டர் கண்ணால பாக்க வேணாமா?"

கால்மணி நேரத்துக்கு முன்னால் அதே வாசகங்களை யார் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள் என்பது அவனுக்கு நினைவில்லை. தன் சொந்தச் சரக்கு என்றே நம்பினான்.

"நீங்க கூட வருவீங்களா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டாள் விஜயலெட்சுமி.

"கூட வராம? தூக்கிட்டே வருவேன்!"

தோட்டத்து டிஸ்பென்சரி ஞாயிற்றுக்கிழமை பூட்டு. ஷப்ராஸுக்குப் போன் பறந்தது. பத்து நிமிடத்தில் அவன் ஓட்டோ லயத்து வாசலில் நின்றது. பெரகலச் சந்தியைக் கடந்து மேலே ஏற ஏறப் பனிமூட்டம் வந்து கண்ணாடியை மூடியது. ஷப்ராஸ் ஹோர்னை அடித்துக்கொண்டே வளைவுகளைச் சுற்றினான். கணபதி பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"வேகமா போ தம்பி! வேகமா!"

"அண்ணே, இதுக்கு மேல வேகமா போனா நமக்கும் சேத்துத்தான் கட்டில் போடணும். அக்காவுக்குப் பயமா இருக்கா?"

"ஊசி போடுவாங்களேன்னுதான் தம்பி பயமா இருக்கு," என்றாள் அவள்.

"நம்ம அண்ணன் கூட இருக்கையில என்னக்கா பயம்? எட்டு முள்ளு!"

"அதானே! ஊசியெல்லாம் ஒரு சாமானா?" என்றான் கணபதி. அடுத்தவர் கையில் ஏறப்போகிற ஊசி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவன் அதுவரை அறிந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு திறந்திருந்தது. நீள வாங்குப் பலகையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணபதி பேர் பதிந்து துண்டுச்சீட்டு எடுக்கப் போனான். விஜயலெட்சுமி தடுத்தாள்.

"பேரு, வயசு, எப்புடி காயம்னு எல்லாம் கேப்பாங்க. நானே சொல்லிக்கிறேன். நீங்க ஒக்காருங்க. அந்தப் புள்ள அழுவுது பாருங்க, கொஞ்சம் தைரியம் சொல்லுங்க."

வாங்கின் ஓரத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தேம்பிக்கொண்டிருந்தாள். லக்ஷனா என்று பெயர். தகரம் கீறிய முழங்காலோடு அம்மாவின் மடியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஊசி வேண்டாமாம். வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

தைரியம் சொல்வதென்றால் கணபதிக்குக் கரும்பு. சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"பாப்பா, மாமாவப் பாரு. மாமா யாரு தெரியுமா? ஷப்ராஸ், அந்தப் படத்தக் காட்டு."

ஷப்ராஸ் போனை நீட்டினான். போன வருடத்துத் திருவிழா. டிராக்டர், மேளம், மேலே தொங்குகிற கணபதி. வாங்கே எழும்பி வந்து பார்த்தது. ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இது நீங்களா மாமா?" சிறுமி அழுகையை நிறுத்திவிட்டாள். "வலிக்கலையா?"

"வலியா? அப்புடின்னா என்ன?"

"ஊசி போட்டா?"

"எறும்பு கடிச்சாப்புல இருக்கும். எறும்பு கூட இல்ல, எறும்போட குட்டி. ஊசிக்குப் பயப்படுற ஆம்பளைய நான் மனுசனாவே மதிக்கிறதில்ல!"

"அப்ப நீங்க ஊசி போடுவீங்களா?"

"ஒண்ணென்ன, பத்துப் போடுவேன்! சிரிச்சுக்கிட்டே போடுவேன்!"

வாங்கு கைதட்டியது. விஜயலெட்சுமி துண்டோடு வந்து, அவனுக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து மிஸ்ஸி கதவைத் திறந்து, துண்டைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்.

"கணபதி! யாரு கணபதி? துரு ஆணி குத்தினவர். இடது கால். ஏற்பு ஊசி போடாதவர்."

வாங்கு திரும்பியது. ஷப்ராஸ் திரும்பினான். சிறுமி கண்ணை அகல விரித்தாள்.

கணபதி மனைவியைப் பார்த்தான். அவள் துவாயை மெல்ல அவிழ்த்தாள். ஒரு சுற்று, ரெண்டு சுற்று, மூன்று சுற்று. உள்ளே முழுசான கை. ஒரு கீறல் கிடையாது. விரலெல்லாம் மட்டும் பீட்ரூட் சாறு.

"போங்க," என்றாள் பக்தியோடு. "பாப்பா பாக்குது."

ஓடலாமா? கதவு தூரத்தில் இருந்தது. வழியில் ஏழெட்டுப் பேர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதோடு, கழுவிய காயம் இப்போது விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்திருந்தது. கணபதி எழுந்தான். சிரித்தான். முருகனைத் தவிர வேறு யாரும் அதைச் சிரிப்பென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

உள்ளே டொக்டர் நௌபர் விளக்கைக் கிட்டே இழுத்து, காலைத் திருப்பிப் பார்த்தார். சின்ன இடுக்கியால் ஏதோ எடுத்தார்.

"இதென்ன, தேயிலையா?"

"கொஞ்சம் வச்சு..."

"பிளேன்டீ போடுற இடமா இது? ஆழமான குத்துக் காயத்துல எதையும் வச்சு அடைக்கக்கூடாது. அடைச்சா உள்ள காத்துப் போகாது. ஏற்புக் கிருமிக்கு அதுதான் வேணும். கழுவினது யாரு?"

"சம்சாரம்ங்க."

"அவங்க நல்ல வேலை செஞ்சிருக்காங்க. கடைசி ஊசி எப்ப போட்டீங்க?"

"ஐயா, வருசா வருசம் முள்ளு ஏத்துறதால..." என்று கணபதி தன் தத்துவத்தை எடுத்துவிட்டான். டொக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"முள்ளு காயம்தான் குடுக்கும். தடுப்புக் குடுக்காது. ஏற்பு வந்து பொழைச்சவனுக்கே மறுபடி வராம இருக்க ஊசி போடணும். ஒம்பது வருசம் நீங்க தப்பினது உங்க அதிர்ஷ்டம். உங்க கோயில்ல முள்ளு ஏத்துற எல்லாருமே ஊசியப் போட்டுட்டு ஏத்தினா நல்லது." கடைசி வாக்கியத்தை அவர் வாசலில் நின்ற விஜயலெட்சுமியைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையாட்டினாள். "சரி, நீங்க ஒருநாளும் போடாதவர். அதனால ரெண்டு ஊசி."

"ரெ... ரெண்டா?"

"ஒண்ணு, உங்க ஒடம்புக்குச் சண்டை பழக்குறது. அது பழக நாளாகும். அதுவரைக்கும் காவலுக்கு இன்னொண்ணு."

கணபதிக்குக் காது அடைத்தது. உள்ளங்கை வேர்த்தது. மிஸ்ஸி ஊசியை மேலே தூக்கிப் பிடித்தார். 'சுர்'. கதவிடுக்கில் சிறுமி லக்ஷனா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலைப் பார்த்தான். கம்பி போட்டிருந்தது. மனுசன் குத்தப்போகிறான். சாமியைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கண்ணை இறுக மூடினான். அடிவயிற்றிலிருந்து எழுந்தது குரல்.

"வெற்றிவேல் முருகனுக்கு...!"

"அரோகரா!" என்றது வெளியே வாங்கு. பழக்க தோசம்.

"வீரவேல் முருகனுக்கு...!"

"அரோகரா!" மருந்து வாங்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஷப்ராஸின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. ஆஸ்பத்திரி ஒரு நிமிடம் கோயிலாகிவிட்டது. காவலாளி தடியோடு ஓடிவந்து, என்னவென்று புரியாமல் தானும் கைகூப்பினார்.

"முடிஞ்சுது," என்றார் மிஸ்ஸி.

"எது?"

"ரெண்டும்."

கணபதி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். இரண்டு கையிலும் பஞ்சு. அட! உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை! அவன் மார்பு விம்மியது. "அவ்வளவுதானா? இன்னும் இருந்தாப் போடுங்க!" என்றான். டொக்டர் கார்டில் எழுதிக்கொண்டே நிமிர்ந்தார்.

"இருக்கே. ஒரு மாசத்துல ஒண்ணு. அதுக்கு ஆறு மாசம் கழிச்சு ஒண்ணு. பிறகு பத்து வருசத்துக்கு ஒருக்கா. நடுவுல இப்படி அழுக்குக் காயம் பட்டா, கடைசி ஊசி போட்டு அஞ்சு வருசம் தாண்டியிருந்தா உடனே வரணும். காயத்தைச் சுத்திச் சிவந்து பரவினா, சீழ் வெச்சா, காய்ச்சல் அடிச்சா, அன்னைக்கே வாங்க. தாடை இறுகுற மாதிரி இருந்தா நடுராத்திரின்னாலும் வாங்க."

அவனுடைய மார்பு பழைய அளவுக்குத் திரும்பியது.

வெளியே வந்தபோது விஜயலெட்சுமி விறாந்தையின் கடைசியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். மகளுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். லக்ஷனா உள்ளே போனாள். ஒரு சத்தமும் வரவில்லை. ரெண்டு நிமிடத்தில் வெளியே வந்து அவன் முன்னால் நின்றாள்.

"வலிக்கவே இல்ல மாமா. நீங்க எதுக்குக் கத்துனீங்க?"

வாங்கு சிரித்தது. ஷப்ராஸ் ஓட்டோவைக் கிளப்பப் போகிற சாக்கில் வெளியே ஓடிவிட்டான். அவன் முதுகு குலுங்கியது.

திரும்பி வரும் வழியெல்லாம் கணபதி பொருமிக்கொண்டே வந்தான். ஏமாற்றிவிட்டாளே! பீட்ரூட்டை வைத்து ஏமாற்றிவிட்டாளே! எப்படித் திட்டத் தொடங்கலாம் என்று யோசித்தபடி திரும்பினான். விஜயலெட்சுமி வெளியே பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தடவை சாறு எதுவும் இல்லை, நிஜமான கண்ணீர்.

"எதுக்கு புள்ள இப்ப அழுவுற? அதான் போட்டாச்சே."

"போட்டாச்சுன்னுதான் அழுவுறேன். காலையில இருந்து அடக்கி வச்சிருந்தேன். ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

கணபதிக்குத் திட்ட வேண்டியதெல்லாம் மறந்துபோயிற்று. ஊசி போட்ட கையால் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். வலித்தது. சந்தோசமாகவும் இருந்தது.

ஆனாலும் ஆம்பளை மனசு. சந்தியைத் தாண்டுவதற்குள் அது வேலைசெய்யத் தொடங்கிவிட்டது. அடுத்த மாசம் இன்னொரு ஊசி. போகவேண்டுமா என்ன? இன்றைக்கு ரெண்டு போட்டாயிற்று. அன்றைக்கு மழை என்பான். கவ்வாத்து வேலை என்பான். மாடு கன்று போட்டிருக்கிறது என்பான். ஒரே பீட்ரூட்டை ரெண்டு தடவை வெட்ட முடியாது. இனி அவள் எத்தனை அலறினாலும் முதலில் துவாயை அவிழ்த்துப் பார்ப்பது என்று முடிவுகட்டினான். யாருக்கும் தெரியப்போவதில்லை. கேட்கவும் நாதியில்லை. கணபதி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தான். போர் முடியவில்லை!

சட்டைப்பையில் போன் அடித்தது. சுந்தரலிங்கம் முதலாளி. பெரகலச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், கோயில் கமிட்டியின் தலைவர். கணபதி போனை எடுத்ததுமே எழுந்து நிற்கப் பார்த்து ஓட்டோக் கூரையில் தலையை இடித்துக்கொண்டான்.

"கணபதி! என்னப்பா, நீ இவ்வளவு பெரிய ஆளா?" முதலாளியின் குரல் ஷப்ராஸுக்கும் கேட்டது. "ஒன் சம்சாரம் எல்லாத்தையும் சொல்லுச்சு. இந்த வருசத்துல இருந்து ஊசி கார்டு காட்டாதவனுக்கு முள்ளு ஏத்தக்கூடாதுன்னு சொன்னியாமே! மத்தப் பதினோரு காவடிக்காரங்களையும் அடுத்த மாசம் நீயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், மொத ஆளா ஒக்காந்து போட்டுக் காட்டுறன்னியாமே! இப்பவே எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். நோட்டீஸ்லயும் ஒன் பேரப் போட்டுருவோம். கார்டு இல்லாட்டி யாரா இருந்தாலும் டிராக்டர்ல ஏத்த மாட்டோம்! அருமையான யோசனை கணபதி! நெசமாவே ஒன் யோசனைதானா?"

கணபதி பக்கத்தில் பார்த்தான். விஜயலெட்சுமி வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்பது வருடம் பறந்தவன், பத்தாவது வருடம் தரையில் நின்று மற்றவன் பறப்பதைப் பார்ப்பதா?

"ஆமாங்க முதலாளி," என்றான் கணபதி. "ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்ததுங்க."